எஃப் மூணு

எங்கள் தெருவில் கண்ணாடிக் கதவு வைத்த அடுப்பு எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆரணி முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லியிருந்தேன். யாரும் தேடிப் போகவில்லை என்பதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. இடுப்புயரம், வெள்ளை நிறம், நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையில் பச்சை எழுத்தில் மணி ஓடும். அப்பா சொல்லிக்கொடுத்தபடி அம்மா அதை ரேஞ்சு என்பாள். தெருவுக்கு அது சவூதி அடுப்பு.

அப்பா அங்கே ஒரு கம்பெனிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்த்தார். வெளிநாட்டு அதிகாரிகளின் வீடுகளில் ஏசி, துணி துவைக்கும் மிஷின், அடுப்பு என எது படுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாரோ கெட்டுப்போனது என்று வெளியே தள்ளிய அடுப்பை அவர் எடுத்து வந்து, போர்டை மாற்றி, மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிட்டார். அடுப்பு வந்த பின்னாலேயே இரண்டு மாத லீவில் அவரும் வந்தார். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது.

லீவில் பாதி நாட்கள் அடுப்பை மாட்டுவதிலேயே போயின. மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகத் தடிமனான ஒயர் இழுத்தார். மேலே இருந்த நான்கு சூடேறும் வட்டங்களையும் போட்டால் பக்கத்து வீட்டு பல்பு மங்கியது, சண்டை வந்தது, அதனால் கீழே கண்ணாடிக் கதவுக்குள் இருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துண்டித்தார். போர்டுக்கு என்று ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைப் பின்னால் வைத்ததில் பின்பக்கத் தகடு பொருந்தாமல் போயிற்று. தகட்டுக்குப் பதில் ஓர் அட்டையைச் செருகினார். இத்தனைக்கும் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். அப்பாவின் லீவு நாட்களை இப்போது நினைத்தால் அவருடைய முகத்தைவிட, டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த அவருடைய பின்கழுத்துதான் தெளிவாக நினைவுக்கு வருகிறது. அடுத்த லீவு வரைக்கும் எனக்கு அதை வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது.

அடுப்புக்குள் பென்சில் கனத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து இரண்டு ஒயர் பின்பக்கமாக வந்து ஒரு வெள்ளைக் கனெக்டரில் சேரும். அங்கிருந்து மேலே போர்டுக்குப் போகும்.

“இதான் பாப்பா சென்சாரு. உள்ள எவ்ளோ சூடுன்னு போர்டுக்குச் சொல்றது இதான். இது வாய மூடிகிச்சின்னா போர்டுக்குப் பயம் வந்துடும். அடுப்ப பத்தவே வுடாது” என்றார் அப்பா. அடுப்புக்கென்று தனியாக வைத்த மெயின் சுவிட்சை அணைக்காமல் பின்பக்கம் கை வைக்கக்கூடாது என்றும் என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை நான் காப்பாற்றினேன். வேறு ஒன்றைத்தான் காப்பாற்றவில்லை.

பச்சை மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அந்த ஊர் கரண்டின் கணக்கு வேறு, நம் ஊர் கரண்டின் கணக்கு வேறு, அதனால்தான் அப்படி என்று அப்பா விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை வைத்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: சவூதியில் மணி நமக்குப் பின்னால் இருக்கிறது, அடுப்பும் பின்னால் போகிறது, ஆகவே அடுப்பு காட்டுவது அப்பாவின் நேரம். அவர் கிளம்பிப் போன பிறகு சோறு சாப்பிடும்போதெல்லாம் அடுப்பைப் பார்த்து, இப்போது அப்பா குளிப்பார், இப்போது வேலைக்குப் போவார் என்று சொல்லிக்கொள்வேன். அந்தக் கணக்கில் அவர் சில நாள் குளிக்கவே இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா சனிக்கிழமைதோறும் அதில் ரவை கேக் செய்வாள். அப்பா சொல்லிக்கொடுத்த ஒரே பண்டம் அது. சுமாராகத்தான் இருக்கும். தெருவே வந்து தின்றுவிட்டுப் போகும்.

போன் எங்கள் வீட்டில் இல்லை. சுவரை ஒட்டிய பெரியப்பா வீட்டில் இருந்தது. முன்னறை முழுக்க இரண்டு தறி; ஒன்றில் பெரியப்பா, இன்னொன்றில் பெரியம்மா. தறிகளுக்கு நடுவே சுவரோரம் ஒரு முக்காலி, அதன்மேல் போன். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மணி அடிக்கும். அடித்ததும் இரண்டு தறியும் நிற்கும். நிறுத்தினால்தான் பேச்சு கேட்கும். ஆனால் நிறுத்திய தறியில் அவர்கள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீடே கப்சிப் என்றிருக்கும். முக்காலிக்குப் பக்கத்தில் யார் என்ன பேசினாலும் அத்தனை பேர் காதிலும் விழும்.

முதலில் பெரியப்பா பேசுவார். மழை, கூலி, ஊர்ச்சாவு எல்லாம் அவர் கணக்கில் சேரும். அடுத்து நான். நன்றாகப் படிக்கிறேன் என்பேன். கடைசியில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனை வாங்குவாள். “சாப்ட்டீங்களா?” என்பாள். “உடம்ப பாத்துக்குங்க” என்பாள். அவ்வளவுதான். தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணன் எதிரில் நின்று புருஷனிடம் அதற்குமேல் என்ன பேசிவிட முடியும்? போனை வைத்ததும் பெரியப்பாவின் கால் மிதியில் இறங்கும், தறி ஓடும், வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சாயம் போட்டு வந்த பட்டு நூல் காயவே இல்லை. முகூர்த்தப் புடவை ஒன்றுக்கு நாள் குறித்துவிட்டு முதலாளி ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா அவசரக்காரி. ஈர நூல் கத்தைகளைக் கொண்டுவந்து சவூதி அடுப்பில் லேசான சூட்டில் வைத்துவிட்டாள். அம்மாவும் சரி என்றாள். நூல் நன்றாகவே காய்ந்தது. அந்தச் சனிக்கிழமை ரவை கேக்கில் மட்டும் சாயப்பட்டறை வாசம் அடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் பெரியப்பா பேசிய பாதிப் பேச்சு எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. “இன்னும் ரெண்டு வருசமா? லீவும் கிடையாதா? சரி, கம்பெனிக்காரன் இருக்கச் சொல்றான்னா இருந்துடுப்பா. அவசரப்பட்டு இன்னா பண்ணப்போற?” அம்மா போனை வாங்கினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

எனக்கு அப்பா வேண்டும். இதற்கு மேல் அழகாக அதைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் என்பது ஐந்தாம் வகுப்புக்காரிக்கு ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. இராத்திரி முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் பொய். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் வழி கிடைத்துவிட்டது. இந்த அடுப்பு கெட்டால் ஆரணியில் யாருக்கும் சரிசெய்யத் தெரியாது. அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். கெட்டுவிட்டது என்றால் வந்துதானே ஆக வேண்டும்?

மறுநாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது மெயினை அணைத்தேன். அட்டையை நகர்த்தினேன். வெள்ளைக் கனெக்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். நான் நினைத்ததைவிடச் சுலபமாகப் பிரிந்து வந்தது. அட்டையைச் செருகி, மெயினைப் போட்டுவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

அன்று மாலை ரவை கேக்குக்காக அம்மா பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. மணி மறைந்து, அந்த இடத்தில் எஃப் என்ற எழுத்தும் மூன்று என்ற எண்ணும் கண்சிமிட்டின. என்ன பட்டனை அழுத்தியும் கத்தல் நிற்கவில்லை. மெயினை அணைத்த பிறகுதான் நின்றது. கூடவே அப்பாவின் நேரமும் அணைந்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை.

பழி பெரியம்மாவின் தலையில் விழும் என்பதையும் யோசித்திருக்கவில்லை. “ஈரப் பட்ட கொண்டாந்து அதுல வெச்சா பின்ன இன்னா ஆவும்? கடல் தாண்டி வந்த சாமான ஒரே வாரத்துல தீத்துட்டியே” என்று பெரியப்பா தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார். பெரியம்மா எதிர்த்துப் பேசுகிறவள். அன்று பேசவில்லை. “நான்தான் வெச்சேன். என்னாலதான் போச்சி” என்று மட்டும் சொன்னாள். தினமும் காலையில் எனக்கு ரெட்டைப் பின்னல் போடுவது பெரியம்மாதான். அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. நான் அம்மா போட்ட தொளதொளப் பின்னலோடு பள்ளிக்கூடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். அப்பா வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம் என்று விழுங்கிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அம்மா முதல் தடவையாக முதல் ஆளாகப் போனை எடுத்தாள். “ரேஞ்சு வேலை செய்யலீங்க. கத்துது. எஃப்புன்னு ஒரு எழுத்து, பக்கத்துல மூணு.” அந்தப் பக்கம் சத்தமே இல்லை போலிருக்கிறது. “ஹலோ? இருக்கீங்களா? ஹலோ?” என்று அம்மா இரண்டு மூன்று முறை கூப்பிட்டாள். லைன் அறுந்துவிட்டது என்று பெரியப்பா தறியில் காலை வைக்கப் போனார். அப்போது அப்பா ஏதோ சொல்ல, அம்மா அதைத் திருப்பிச் சொன்னாள். “வோல்டேஜா? எப்படிங்க பாக்கறது? சரி, தம்பிய வரச்சொல்லிப் பாக்கறேன்.”

அம்மாவின் தம்பி, என் மாமா, பஜாரில் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. அவரே அதைச் சொல்லியிருக்கிறார். வந்ததும் மேல் பட்டையைக் கழற்றிப் போர்டைக் கையில் எடுத்து, மோந்து பார்த்து, “ஈரம் ஏறியிருக்குது” என்றார். கடைக்குக் கொண்டுபோய் இரண்டு கெப்பாசிட்டரை மாற்றி, டேபிள் லாம்ப் கீழே மூன்று நாள் காயவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். மாட்டினார். எஃப் மூணு. “நம்மூரு கரண்டே சரியில்லக்கா. பவர்லூம் வந்ததுலேந்தே இதே பேஜார்தான்” என்று சொல்லிவிட்டு, மல்டிமீட்டரை அம்மாவிடம் கொடுத்து எப்படி அளப்பது என்று காட்டிவிட்டுப் போனார். பின்பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படித்தவர்கள் முன்பக்கமாகத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை அம்மா ஒரு நோட்டோடு போனாள். காலையில் வோல்டேஜ் இவ்வளவு, சாயங்காலம் ஊரில் பவர்லூமெல்லாம் ஓடும்போது இவ்வளவு என்று வாசித்தாள். அப்பா அடுத்த வேலை கொடுத்தார். ஒவ்வொரு பட்டனாக அழுத்தி எது பீப் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று குறித்துவைக்க வேண்டும். அடுத்த வாரம் அதை ஒப்பித்தாள். கதவு சரியாக மூடுகிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா என்று கேட்டார். மூன்று நிமிடம் பேசிய போன் பத்து நிமிடம் ஆயிற்று. பெரியப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ரிப்பேர் விஷயம் ஆயிற்றே! முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் அம்மா இப்போது முக்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். ஒரு தடவை எதற்கோ சிரித்தாள். வோல்டேஜில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா எப்போது வருவார் என்பதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. அதில் எனக்கு எரிச்சல்.

நான்காம் வெள்ளிக்கிழமை அம்மா போனில் திருப்பிச் சொன்னதைக் கேட்டு நான் மெல்ல வாசலுக்கு நகர்ந்தேன். “பின்பக்கமா? சென்சார அளக்கணுமா? சரிங்க.”

சனிக்கிழமை மீட்டரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அம்மா அடுப்புக்குப் பின்னால் போனாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டை இரண்டு தடவை சொல்லி முடித்தும் அவள் வெளியே வரவில்லை. வந்தபோது முழங்கையில் ஒட்டடை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையைக் கழுவினாள். அடி விழும் என்று நான் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தேன். “பாலு ஸ்டவ்வுல இருக்குது, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் பேச்சுச் சத்தம் வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள். கனெக்டர் அம்மாவின் கண்ணில் படவில்லை, தப்பித்தேன் என்று நான் பாலைப் பொங்கவிட்டேன்.

மறுநாள் காலை பெரியம்மா சீப்போடு வந்துவிட்டாள். எனக்குத் தலைவலி வரும் அளவுக்கு இறுக்கிப் பின்னினாள்.

அந்த வாரம் போன் அடித்தபோது ஒரு விநோதம் நடந்தது. வழக்கம்போல் பெரியப்பா தறியை நிறுத்தினார். பெரியம்மா நிறுத்தவில்லை. “நீ இன்னாத்துக்கு நிறுத்தற? முகூர்த்தப் பொடவ, ஜல்தியா நெய்யி. அவங்க அடுப்பு விசயம் பேசிகினு கெடக்கட்டும், அது நமக்கு இன்னா புரியப்போவுது?” என்று அதட்டிவிட்டுத் தறிப் பலகையை ஓங்கி அடிக்கத் தொடங்கினாள். பெரியப்பாவும் அடித்தார். இரண்டு தறிச் சத்தத்தில் வீடு அதிர்ந்தது. அம்மா போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவ்வப்போது திடீரென்று குரலை உயர்த்தி, “சென்சாரு ஆயிரத்து நூறு காட்டுதுங்க!” என்பாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “எஃப் மூணுதாங்க!” என்பாள். பெரியப்பா தலையை ஆட்டிக்கொள்வார். பழி சுமத்தியதில் பெரியம்மாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் பேச விடாமல் அடிக்கிறாள் என்று நான் வருத்தப்பட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் அப்படித்தான் அடித்தாள். போன் கால் மணி நேரம், இருபது நிமிடம் என்று நீண்டது.

என் திட்டம் தோற்றுவிட்டது என்று எனக்கு உறைத்தது கார்த்திகையில். அடுப்பு கெட்டால் அப்பா வருவார் என்று பார்த்தேன்; அவர் குரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார், அதையும் அம்மாவே முழுக்க வாங்கிக்கொண்டாள். எனக்குப் பச்சை மணியும் இல்லை, ரவை கேக்கும் இல்லை. சரி, மாட்டிவிடுவோம் என்று ஒரு நாள் பின்னால் ஊர்ந்து போய்க் கனெக்டரை டக் என்ற சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். அடுத்த முறை அம்மா போட்டுப் பார்க்கும்போது எரியும், தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள் என்பது கணக்கு.

வெள்ளிக்கிழமை தறிச் சத்தத்துக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது. “எஃப் மூணுதாங்க!”

வீட்டுக்கு ஓடிவந்து பின்னால் பார்த்தேன். கனெக்டர் பிரிந்து கிடந்தது. மறுபடி மாட்டினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி பிரிந்திருந்தது. இப்படி மூன்று முறை. சாமி குற்றமாக இருக்குமோ என்று ஒரு பொழுது பயந்தேன். பிறகு அறிவியல்பூர்வமாக யோசித்து, எலி என்று முடிவு கட்டினேன். பரணில் இருந்த பொறியை இறக்கினேன். கம்பி பட்டென்று வந்து அடிக்குமே, அந்தச் சின்னப் பலகைப் பொறி. அதில் வடைத்துண்டு குத்தி, கனெக்டருக்குக் கீழே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வந்தபோது பொறி பரணில் பழைய இடத்திலேயே இருந்தது. வடை இல்லை. எலியும் இல்லை. அம்மாவின் வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் வீங்கியிருந்தது. கதவு இடுக்கில் பட்டுவிட்டது என்றாள். அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொறியிலிருந்து வடையைத் தின்றுவிட்டு அதைப் பரணில் ஏற்றிவைக்கிற எலியை இனி நம்மால் ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

கல்லூரி முடித்த வருஷம் வீட்டுக்குத் தளம் போட அடுப்பை நகர்த்தினோம். மேல் பட்டையின் உட்புறம் ஒரு காகிதம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது. ரிப்பேர் செய்ய வருகிறவர்களுக்காகக் கம்பெனிக்காரன் வைத்தது; மாமா அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. எந்தக் குறி காட்டினால் என்ன பழுது என்று ஆங்கிலத்தில் அட்டவணை. எஃப் மூன்றுக்கு நேரே ஒரே வரி: சென்சார் இணைப்பு விட்டிருக்கிறது, முதலில் பின்பக்கக் கனெக்டரைப் பார்க்கவும்.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அந்தக் குடியிருப்பில் இருந்த அத்தனை அடுப்புகளையும் பிரித்துப் போட்டு மாட்டியவர் அப்பா. இந்த அடுப்பின் போர்டை மாற்றியதே அவர்தான். எஃப் என்றும் மூன்று என்றும் அம்மா சொல்லி முடித்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நிமிட வேலை. பார்க்க வேண்டிய முதல் இடத்துக்கு அம்மாவை அவர் நான்காவது வாரம்தான் அனுப்பினார். வோல்டேஜ் பார், பட்டனைப் பார், கதவைப் பார், விளக்கைப் பார் என்று அவர் சுற்றிய சுற்றெல்லாம் எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்மா அவரிடம் உண்மையைச் சொன்னாளா, சொல்லாமலே இரண்டு பேரும் தெரிந்துகொண்டார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது கேட்டுவிடலாமா என்று தோன்றும். அந்த வயதில் அவர்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான், அதில் நான் எதற்கு மூக்கை நுழைப்பது என்று விட்டுவிடுவேன்.

அப்பா இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தார். ஐந்தாம் வகுப்பு அளவில் எனக்கு ஒரு கவுன் கொண்டுவந்தார். தோளோடு நின்றுவிட்டது.

அடுப்பு கெட்ட அந்த வருஷமே, மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமையோடு அந்த ரிப்பேர் முடிந்தது. அப்பாவைப் பாலைவனத்துக்குள் ஏதோ ஒரு கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போன் கிடையாது, இனிமேல் கடிதம்தான் என்பது எனக்குப் பொங்கல் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து நெடுநேரம் போனைக் காதில் வைத்திருந்தாள். உதடு அசையவே இல்லை. ஒரு தடவைகூட எஃப் மூணு என்று கத்தவில்லை. கடைசியில் “சரிங்க” என்றாள். அதை மட்டும் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் எங்கள் வீட்டுக்கு நடந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். அம்மா அடுப்புக்குப் பின்னால் குனிந்தாள். டக் என்று சத்தம் வந்தது. மெயினைப் போட்டாள். பச்சை எழுத்து எரிந்தது. பட்டனை அழுத்தினாள். கத்தல் இல்லை. கண்ணாடிக்குள் சூட்டுக் கம்பி மெல்லச் சிவந்தது. உள்ளே கேக் இல்லை, ஒன்றுமே இல்லை. அம்மா அதன் எதிரில் தரையில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்தாள். அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

“அதான் சரியாயிடுச்சே, இன்னாத்துக்கும்மா அழுவற?” என்றேன். சந்தோஷத்திலும் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சரி என்று விட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் ஓடினேன். முதலில் அவளுக்குத்தானே சொல்ல வேண்டும், பழி சுமந்தவள் அவள்.

தறிச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. பக்கத்தில் போய்க் காதில் கத்தினேன். “பெரிம்மா, அடுப்பு சரியாயிடுச்சி! எஃப் மூணு போயிடுச்சி!”

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது.

“அய்யய்யோ, அதுக்குள்ளயா?” என்றாள்.

தறியிலிருந்து எழுந்து, அவிழ்ந்த கொண்டையைக்கூட முடிந்துகொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அடுப்பு எரிந்ததற்கு இப்படி ஓர் ஓட்டமா என்று பெரியப்பா என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவளுடைய முகத்தில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவள் பின்னால் போகவில்லை. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நடுத்தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி பெருமையாகக் கத்தினேன்.

“எங்க அப்பா போன்லயே ரிப்பேர் பண்ணிட்டாரு! இனிமே அவரு போனே பண்ணத் தேவையில்ல!”